கொடி இறங்கிடுச்சு... நிலம் யாருக்கு?

அந்நிய விமானப்படைத் தளங்கள் உலகமெங்கும் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. மூடிய இடத்தில் ஊர்க்காரர்கள் திரும்பி வந்தார்களா? டியாகோ கார்சியா முதல் பலாலி வரை, சிவகிரியிலிருந்து ஒரு பார்வை.

2021 அக்டோபர் தொடக்கம். இந்தியப் பெருங்கடலின் நட்ட நடுவில் ஒரு மீன்பிடிப் படகு தத்தளித்துக்கொண்டிருந்தது. உள்ளே 89 இலங்கைத் தமிழர்கள். பெண்கள், சின்னப் பிள்ளைகள் எல்லாரும் அதில் இருந்தார்கள். கனடா போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கிளம்பியவர்கள். பிரிட்டிஷ் கப்பல்கள் வந்து அவர்களைக் கரை சேர்த்தன.

கரையேறிய இடத்தில் தென்னை இருந்தது, மணல் இருந்தது, மூன்றரை கிலோமீட்டர் நீள ஓடுதளம் இருந்தது. ஊர் மட்டும் இல்லை. வேலி போட்ட கூடாரங்களில் அவர்களைத் தங்க வைத்து வாசலில் காவல் போட்டார்கள். கூடாரத்துக்குள் எலிகள் ஓடின. சில நாளில் எங்காவது அனுப்பிவிடுவார்கள் என்று காத்திருந்தவர்களில் பலருக்கு மூன்று வருடம் அங்கேயே கழிந்தது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர்களும் உண்டு. 2024 செப்டம்பரில் வழக்கை விசாரித்த நீதிபதியே தீவுக்கு விமானம் ஏறி வந்து நேரில் பார்த்தார். அந்த டிசம்பரில், அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்தது. பெரும்பாலானவர்கள் பிரிட்டனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

அந்தத் தீவின் பெயர் டியாகோ கார்சியா. கொடி பிரிட்டனுடையது, விமானங்கள் அமெரிக்காவுடையவை. தென்காசி மாவட்டத்துச் சிவகிரியிலிருந்து நேர்கோடு போட்டால் சுமார் 1,900 கிலோமீட்டர். அதே சிவகிரியிலிருந்து டெல்லி 2,100 கிலோமீட்டருக்கு மேல். நாட்டின் தலைநகரைவிட நமக்குப் பக்கத்தில் இருக்கிறது, அடுத்தவர் நாட்டுக் குண்டுவீச்சு விமானங்கள் நிற்கும் மைதானம்.

அந்நியப் படைகள் ஏன் கிளம்புகின்றன?

அந்நியத் தளங்கள் சுருங்கி வருகின்றன என்ற பேச்சு 2021 ஜூலையில் சூடு பிடித்தது. ஆப்கானிஸ்தானின் பக்ராம் தளத்தை அமெரிக்கப் படை ராத்திரியோடு ராத்திரியாகக் காலி செய்தது. மின்சாரத்தை அணைத்துவிட்டுப் போய்விட்டார்கள். தளத்தை ஏற்க வேண்டிய ஆப்கான் தளபதிக்கே இரண்டு மணி நேரம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. அதற்குள் கொள்ளைக்காரர்கள் உள்ளே புகுந்து கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு ஆப்பிரிக்கா. நைஜரில் 10 கோடி டாலருக்கு மேல் கொட்டிக் கட்டிய அகதேஸ் ட்ரோன் தளத்தை அமெரிக்கா 2024 ஆகஸ்டில் ஒப்படைத்தது. பிரான்ஸ் 2025 ஜனவரியில் சாட் நாட்டையும், பிப்ரவரியில் ஐவரி கோஸ்ட் தளத்தையும், ஜூலையில் செனகலையும் விட்டு வெளியேறியது. ஈக்வடாரில் அந்நியத் தளங்களை மறுபடி அனுமதிக்கலாமா என்று 2025 நவம்பரில் மக்களிடமே வாக்கெடுப்பு நடந்தது. வேண்டாம் என்று மக்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

காரணங்கள் பல. வானிலேயே எரிபொருள் நிரப்பிக்கொண்டு கண்டம் தாண்டும் விமானங்கள் வந்துவிட்டன. ஏவுகணைகள் துல்லியமாகிவிட்டதால் பெரிய தளம் என்பது எதிரிக்குப் பெரிய இலக்காகிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, இடம் கொடுத்த நாட்டு மக்கள் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அதற்காக எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க ஆய்வாளர் டேவிட் வைன் போட்ட கணக்கில் அந்த நாட்டுக்கு மட்டும் சுமார் 80 நாடுகளில் 750 இடங்கள் இருந்தன. பிலிப்பைன்ஸிலிருந்து 1990-களில் வெளியேறிய அமெரிக்கப் படை, 2014-ல் போட்ட உடன்பாட்டின்படி அந்நாட்டுத் தளங்களுக்கே சுற்றுமுறையில் வந்து போகிறது. நிரந்தரத் தளம் என்று பெயர் வைப்பதில்லை, அவ்வளவுதான்.

■ பூட்டிய கதவுகள்

வீலஸ், லிபியா: 1970-ல் அமெரிக்கா வெளியேறியது.
கன், மாலத்தீவு: 1976 மார்ச்சில் பிரிட்டிஷ் விமானப்படை கிளம்பியது.
கிளார்க், பிலிப்பைன்ஸ்: 1991 ஜூனில் பினாட்டுபோ எரிமலை வெடித்துச் சாம்பல் மூடியது. அந்த நவம்பரில் ஒப்படைப்பு.
மண்டா, ஈக்வடார்: 2009-ல் குத்தகை முடிந்தது, புதுப்பிக்கவில்லை.
மனாஸ், கிர்கிஸ்தான்: 2014-ல் மூடல்.
பக்ராம், ஆப்கானிஸ்தான்: 2021 ஜூலை.
அகதேஸ், நைஜர்: 2024 ஆகஸ்ட்.

குதிரைப் பந்தயத் திடலில் போர் விமானம்

நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. காலையில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் மேல் வந்தன. எதிர்த்துக் கிளம்பிய ஹரிக்கேன் விமானங்களில் ஒரு பகுதி, நகரத்துக்குள் இருந்த குதிரைப் பந்தயத் திடலிலிருந்து மேலேறியது. பந்தயத் திடலையே ஓடுதளமாக்கி வைத்திருந்தார்கள். ஜப்பானியருக்கு அது தெரியவே தெரியாது. நான்கு நாள் கழித்துத் திருகோணமலை தாக்கப்பட்டது. இடையில் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டு வாங்கின. சென்னையில் பீதி கிளம்பி, ஜனங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுத் தெற்கே சொந்த ஊர்களுக்கு ஓடி வந்த காலம் அது.

இலங்கை முழுக்க ஓடுதளங்கள் முளைத்தன. கட்டுநாயக்க, இரத்மலானை, கொக்கல, புத்தளம், திருகோணமலை சீனன்குடா, வடக்கே காங்கேசன்துறைக்குப் பக்கத்தில் பலாலி. 1948-ல் சுதந்திரம் வந்த பிறகும் பிரிட்டிஷ் படை போகவில்லை. 1947-லேயே போட்டுக்கொண்ட பாதுகாப்பு ஒப்பந்தம் அதற்கு இடம் கொடுத்தது. 1956-ல் ஆட்சிக்கு வந்த பண்டாரநாயக்கா தளங்களைத் திருப்பிக் கேட்டார். 1957 அக்டோபரில் திருகோணமலையும் நவம்பரில் கட்டுநாயக்கவும் கைமாறின. ஒரு குண்டு வெடிக்கவில்லை. ஆசியாவில் அந்நியத் தளம் ஒன்று பேச்சுவார்த்தையாலேயே வெளியேறியதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் பலாலியின் கதை அங்கே முடியவில்லை. 1987-ல் அந்த ஓடுதளத்தில் வந்து இறங்கிய அந்நியப் படை நம்முடையது. இந்திய அமைதிப்படைக்கு யாழ்ப்பாணத்தில் பலாலிதான் வாசல். அந்த அக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இறங்கி, பெரும் உயிரிழப்பில் முடிந்த ஹெலிகாப்டர் நடவடிக்கையும் அங்கிருந்துதான் கிளம்பியது. 1990 மார்ச்சில் அமைதிப்படை திரும்பியது. அந்த ஜூனில் மறுபடி போர் மூண்டதும், தளத்தைச் சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு மக்கள் கட்டிய துணியோடு வெளியேறினார்கள். செம்மண் தோட்டங்கள், கிணறுகள், கோயில்கள், மயிலிட்டி மீன்பிடித் துறைமுகம் எல்லாம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டன. மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்டது 2017-ல். இடைப்பட்ட 27 வருடத்தில் ஒரு தலைமுறை மீனவர்கள் நலன்புரி முகாம்களில் வளர்ந்து ஆளாகிவிட்டார்கள்.

2019 அக்டோபரில் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து விமானம் போகிறது. நல்ல செய்திதான். ஆனால் சுற்றியுள்ள காணிகள் இன்னும் முழுதாக உரியவர்களிடம் வரவில்லை. உறுதிப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலிக்கு வெளியே நிற்கிறார்கள். பிரிட்டிஷார் போய் 60 வருடத்துக்கு மேலாகிறது. அவர்கள் போட்ட ஓடுதளத்தைச் சுற்றி வேலி மட்டும் அகலமாகிக்கொண்டே போனது. வெளிநாட்டுக் கொடி இறங்கினால் போதும், நிலம் தானாக ஊருக்கு வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் ஒருமுறை வலிகாமம் வடக்கைப் பார்க்க வேண்டும்.

பிழைப்பும் கூடவே போகும்

இலங்கையில் இடம் போனதும் பிரிட்டிஷ் விமானப்படை தேடிப்போன இடம் மாலத்தீவின் தென்கோடி அட்டு அட்டோலில் உள்ள கன் தீவு. அங்கிருந்த குடும்பங்களைப் பக்கத்து ஃபெய்தூ தீவுக்கு மாற்றினார்கள். ஃபெய்தூவில் இருந்தவர்களில் பலரை அதற்கடுத்த மரதூவுக்கு நகர்த்தினார்கள்.

ஆனால் தளம் வேலையும் கொடுத்தது. அட்டு மக்கள் சம்பளம் பார்த்தார்கள், ஆங்கிலம் பேசக் கற்றார்கள், மருத்துவமனை கிடைத்தது. தளத்தால் வந்த வருமானம் யாருக்கு என்ற சண்டையில் தென் அட்டோல்கள் 1959-ல் தனிக் குடியரசே அறிவித்தன. அது 1963-ல் ஒடுக்கப்பட்டது. 1976-ல் பிரிட்டிஷார் கிளம்பியதும் சம்பளம் ஒரேயடியாக நின்றது. தளத்தில் கற்ற ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு இளைஞர்கள் வடக்கே புதிதாக வந்த சுற்றுலா விடுதிகளுக்கு வேலை தேடிப் போனார்கள். காலியான தளத்தைக் குத்தகைக்குக் கேட்டு சோவியத் யூனியன் வந்தபோது மாலத்தீவு மறுத்துவிட்டது. பணம் தேவைப்பட்ட நேரத்தில் ஒரு சின்ன நாடு அப்படிச் சொன்னது பெரிய காரியம்.

பிலிப்பைன்ஸில் கிளார்க் தளம் இன்று பெரிய தொழில் மண்டலம், விமான நிலையம். வெளியிலிருந்து பார்த்தால் வெற்றிக் கதை. ஆனால் எரிமலைச் சாம்பலுக்குத் தப்பி வந்த குடும்பங்களை அந்தத் தளத்தின் வளாகத்தில் தங்கவைத்தபோது, அவர்கள் குடித்த நிலத்தடி நீரில் தளத்துக் கழிவு கலந்திருந்தது. நோயுற்ற பிள்ளைகளுக்காகப் பெற்றோர் வருடக்கணக்கில் போராடினார்கள். மண்ணைச் சுத்தம் செய்து தரும் கடமை ஒப்பந்தத்தில் எழுதப்படவில்லை என்று அமெரிக்கா கைவிரித்தது. தளம் திறக்கும் நாளில் எழுதும் காகிதத்தில், மூடும் நாளைப் பற்றி ஒரு வரியாவது இருக்க வேண்டும் என்பதை அந்தப் பிள்ளைகளின் உடம்பு சொல்லியது.

நம்ம ஊர் ஓடுதளங்கள்

இரண்டாம் உலகப் போர் தமிழ்நாட்டையும் விமானத் தளமாக்கியது. பர்மா வீழ்ந்த பிறகு, ஜப்பானை எதிர்க்கும் பின்கட்டு தென்னிந்தியாதான். பிரிட்டிஷ் கடற்படை தன் விமான நிலையங்களுக்கு நம் ஊர்ப் பறவைப் பெயர்களையே வைத்தது. சூலூருக்கு வைரி, தாம்பரத்துக்கு வல்லூறு, கோவைக்கு கருடா. 1947-க்குப் பிறகு அவை நம் கைக்கு வந்தன.

■ போர்க்கால ஓடுதளங்கள் இன்று

சூலூர்: இந்திய விமானப்படையின் முதல் தேஜஸ் அணி இங்கே இருக்கிறது.
தஞ்சாவூர்: 2013-ல் விமானப்படை நிலையமாக மறுபடி திறக்கப்பட்டது. 2020 ஜனவரியில் பிரம்மோஸ் ஏவுகணை சுமக்கும் சுகோய்-30 அணி வந்தது.
அரக்கோணம்: 1992 முதல் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி.
உச்சிப்புளி: 2009 முதல் ஐ.என்.எஸ். பருந்து. பாக் நீரிணையைக் கண்காணிக்கிறது.
சோழவரம்: போருக்குப் பின் கார், மோட்டார் சைக்கிள் பந்தயத் திடல். 1990-ல் இருங்காட்டுக்கோட்டை வந்ததும் பந்தயங்கள் அங்கே போயின.
உளுந்தூர்பேட்டை: விமான நிலையம் வரும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது, ஓடுதளம் காத்திருக்கிறது.

சுதந்திர இந்தியா எந்த அந்நிய நாட்டுக்கும் நிரந்தரத் தளம் கொடுத்ததில்லை. ஆனால் 1991 ஜனவரியில் ஒரு சோதனை வந்தது. வளைகுடாப் போருக்குப் போன அமெரிக்க ராணுவ விமானங்கள் பம்பாய், ஆக்ரா, மெட்ராஸ் விமான நிலையங்களில் எரிபொருள் நிரப்பிக்கொள்ள சந்திரசேகர் அரசு அனுமதித்தது. விஷயம் வெளியே வந்ததும் நாடே கொதித்தது. வெளியிலிருந்து ஆதரவு கொடுத்துவந்த ராஜீவ் காந்தி எதிர்ப்புத் தெரிவித்தார். பிப்ரவரியிலேயே அனுமதி நின்றது. எரிபொருள் நிரப்பியதற்கே அவ்வளவு கோபம் வந்த நாடு, 2016-ல் ஒருவர் தளத்தில் மற்றவர் எரிபொருளும் பழுதுபார்ப்பும் பெற்றுக்கொள்ள அமெரிக்காவோடு ஒப்பந்தம் போட்டபோது பெரிதாகச் சத்தம் போடவில்லை. அது நல்லதா கெட்டதா என்று வாதிடலாம். மக்கள் மன்றத்தில் அந்த வாதமே சரியாக நடக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இப்போது நாமும் குத்தகைக்காரர்

அந்நியத் தளம் என்றதும் அமெரிக்காவையும் பிரிட்டனையும் மட்டும் கைகாட்டுவது சுலபம். தஜிகிஸ்தான் தலைநகர் துஷான்பேக்குப் பக்கத்தில் உள்ள அய்னி விமானத் தளத்தை இந்தியா பெரும் செலவில் புதுப்பித்தது. ஓடுதளத்தை நீட்டியது. அங்கிருந்து 2022-லேயே வந்துவிட்டோம் என்பது 2025-ல்தான் வெளியே தெரிந்தது. இருதரப்பு ஏற்பாடு முடிந்துவிட்டது என்று வெளியுறவு அமைச்சகம் சொன்னது. இத்தனை வருடம் செலவழித்த பணத்துக்கு என்ன கணக்கு என்று நாடாளுமன்றம் உரக்கக் கேட்டிருக்க வேண்டும்.

மாலத்தீவில் 'இந்தியாவே வெளியேறு' என்ற முழக்கத்தின் மேல் ஏறி முகமது முய்சு 2023-ல் அதிபரானார். நாம் கொடுத்த ஹெலிகாப்டர்களையும் டோர்னியர் விமானத்தையும் இயக்கிய சுமார் 80 ராணுவ வீரர்கள் 2024 மே மாதத்துக்குள் திரும்பினார்கள். அவர்கள் இடத்துக்கு சீருடையில்லாத தொழில்நுட்பப் பணியாளர்கள் போனார்கள். அந்த ஹெலிகாப்டர்கள் நோயாளிகளைத் தீவிலிருந்து தலைநகருக்குத் தூக்கிப் போனவை. உதவிக்குப் போனோம் என்பது நம் மனசு. பக்கத்து வீட்டுக்காரன் தன் முற்றத்தில் சீருடையைத்தான் பார்த்தான்.

மொரிஷியஸின் அகலேகா தீவில் இந்தியா கட்டிக்கொடுத்த மூன்று கிலோமீட்டர் ஓடுதளம் 2024 பிப்ரவரி 29 அன்று திறக்கப்பட்டது. அது ராணுவத் தளம் அல்ல என்று இரு அரசுகளும் சொல்கின்றன. தீவில் இருப்பது சில நூறு பேர். நாளைக்கு நம்மையும் கிளப்பிவிடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறது. அந்தப் பயத்துக்குக் காரணம் டியாகோ கார்சியா.

கேட்கப்படாத குரல்

மொரிஷியஸுக்குச் சுதந்திரம் கொடுக்கும் முன்பே, 1965-ல், டியாகோ கார்சியா அடங்கிய சாகோஸ் தீவுக்கூட்டத்தைப் பிரிட்டன் பிரித்து எடுத்துக்கொண்டது. அங்கே தேங்காய்த் தோட்டங்களில் உழைத்த மக்கள், ஆப்பிரிக்க அடிமைகளுக்கும் இந்தியக் கூலித் தொழிலாளர்களுக்கும் பிறந்த சந்ததி. தளம் கட்டுவதற்காக 1968-க்கும் 1973-க்கும் இடையில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை அப்புறப்படுத்தினார்கள். அவர்கள் வளர்த்த நாய்களை வளைத்துப் பிடித்து விஷப்புகையில் கொன்றார்கள். கப்பலில் ஏற்றியவர்களை மொரிஷியஸிலும் சீஷெல்ஸிலும் இறக்கிவிட்டதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டார்கள்.

2019-ல் சர்வதேச நீதிமன்றம் சாகோஸைப் பிரித்தது தவறு என்று கருத்துரைத்தது. ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் அதற்கு ஆதரவாக வாக்களித்தன, எதிர்த்தவை ஆறே ஆறு. 2025 மே 22 அன்று பிரிட்டனும் மொரிஷியஸும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன்படி தீவுகளின் உரிமை மொரிஷியஸுக்கு. டியாகோ கார்சியா தளம் மட்டும் 99 வருடக் குத்தகையில் பிரிட்டன் வசம். வருடத்துக்குச் சராசரியாக 10 கோடி பவுண்டுக்கு மேல் வாடகை.

சாகோஸ் மக்களுக்கு அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் நாற்காலி போடவில்லை. மற்ற தீவுகளில் குடியேறலாம், டியாகோ கார்சியாவில் முடியாது என்பது ஏற்பாடு. அங்கே பிறந்து இப்போது முதுமையில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு 99 வருடக் குத்தகை என்றால் என்ன அர்த்தம்? வரைபடத்தில் நிறம் மாறுகிறது, வாடகை கைமாறுகிறது, வீட்டுக்குப் போகும் வழி மட்டும் திறக்கவில்லை. இதை நியாயம் என்று என்னால் எழுத முடியாது.

சிவகிரிக்கு இதில் என்ன?

சிவகிரியிலிருந்து வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று தென்காசிச் சாலையில் போனால், வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய வீடுகளைத் தாண்டாமல் போக முடியாது. 2025 ஜூன் 23 இரவு அந்த வீடுகளில் பலருக்குத் தூக்கம் இல்லை. கத்தாரின் அல் உதெய்த் அமெரிக்கத் தளத்தின் மேல் ஈரான் ஏவுகணை வீசியது. வளைகுடா வான்வெளி மூடப்பட்டு, கேரளத்திலிருந்து கிளம்ப வேண்டிய விமானங்கள் நின்றன, கிளம்பியவை திரும்பின. உயிர்ச்சேதம் இல்லை. தாக்குதலுக்குச் சில நாள் முன்பே அமெரிக்க விமானங்களில் பெரும்பாலானவை அந்தத் தளத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட்டிருந்ததைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. விமானத்துக்குக் கிடைத்த முன்னெச்சரிக்கை, தளத்தில் துணி துவைக்கிறவருக்கும் சமையல் செய்கிறவருக்கும் கிடைக்குமா என்பதுதான் கேள்வி.

இந்தத் தளங்களின் அன்றாட வேலையைச் செய்பவர்களில் கணிசமானோர் தெற்காசியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் போன ஒப்பந்தக் கூலிகள். ஒப்பந்தக்காரருக்குக் கீழே துணை ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே ஏஜெண்ட் என்று சங்கிலி நீளம். ஆப்கானிஸ்தான் தளங்கள் மூடியபோது அப்படிப்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர்களில் பலர் துபாய் விடுதிகளில் இறக்கிவிடப்பட்டு, ஊருக்குப் போக விமானம் இல்லாமல் வாரக்கணக்கில் முடங்கிக் கிடந்தார்கள். தளம் சுருங்கும்போது முதலில் வெட்டப்படுவது இவர்கள் சம்பளம்.

எனவே அரசுக்கு ஒரு கோரிக்கை. வெளிநாட்டு ராணுவத் தளங்களில் வேலை செய்யும் தமிழர்கள் எத்தனை பேர், எந்த ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள் என்று அயலகத் தமிழர் நலத்துறை மாவட்ட வாரியாகக் கணக்கெடுக்க வேண்டும். தென்காசியிலிருந்து தொடங்கலாம். போர் மூண்டால் அவர்களை எப்படிக் கொண்டுவருவது என்ற திட்டம் முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும்.

கிளம்பத் தயாராக இருக்கும் தம்பிமார்களுக்கும் ஒரு வார்த்தை. ஏஜெண்ட் 'கேம்ப் வேலை' என்று சொன்னால், எந்த கேம்ப், யாருடைய கேம்ப் என்று கேளுங்கள். வேலை செய்யும் இடத்தின் பெயர் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். ஏஜெண்டின் பதிவை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபாருங்கள். பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீட்டுக்கு இரண்டு வருடத்துக்குக் கட்டணம் 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய். விபத்தில் உயிரிழந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம் வரை கிடைக்கும். பாலிசி நகலையும் ஒப்பந்த நகலையும் வீட்டில் கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.